ப்ளஸ் ஒன்னில் மார்க் ஏன் சரிகிறது?

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கொடுத்த மறுநாள் எங்கள் ஆசிரியர் அறை வாசலில் இரண்டு மூன்று பெற்றோராவது நிற்பார்கள். போன வருஷம் வந்தவர் ஒரு டெம்போ ஓட்டுநர். கையில் மகனுடைய இயற்பியல் விடைத்தாள், 70-க்கு 19. "பத்தாவதுல 462 எடுத்தவன் சார். இப்ப எந்நேரமும் செல்லும் கையுமா இருக்கான். நல்லா நாலு போடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார்.

உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு பேருமாக அந்தத் தாளை முதல் பக்கத்திலிருந்து புரட்டினோம். ஒரு மார்க் கேள்விகள் 15-இல் 10 சரி. இரண்டு மார்க் கேள்விகளில் வரையறை கேட்ட மூன்றும் சரி. அதுவே 16 ஆகிவிட்டது. மூன்று மார்க், ஐந்து மார்க் கேள்விகள் எல்லாம் சேர்ந்து மிச்சம் மூன்றே மூன்று மார்க். வருவித்தல், அதாவது ஒரு சூத்திரத்தைப் படிப்படியாக நிறுவிக் காட்டுவது, கேட்ட இடத்தில் இரண்டு வரி மணியாக எழுதியிருந்தான், மூன்றாவது வரியில் பேனா நின்றிருந்தது. கணக்குகளில் சூத்திரம் இருந்தது, அதற்குக் கீழே வெற்றிடம்.

"படிக்காம வந்த பையன் இப்படி எழுத மாட்டான்ணே. இவன் படிச்சிருக்கான். ஒரே இடத்துல வந்து நின்னுட்டான்" என்றேன். அவர் நம்பவில்லை. நானும் ஆரம்ப காலத்தில் இதை நம்பாதவன்தான். இயற்பியல் முதுகலை ஆசிரியராக முதல் சில வருஷங்கள், இந்த மாதிரித் தாள்களைப் பார்த்ததும் "அலட்சியம்" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் நன்றாக வந்த பிள்ளை பதினொன்றாம் வகுப்பின் முதல் ஆறு மாதத்தில் திடீரென்று சரிவது தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. வீட்டில் சொல்லும் காரணம் செல்போன், சேர்க்கை, வயசு. இவற்றுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் பெரிய காரணம் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. அது பெற்றோர் கண்ணில் படுவதில்லை, பிள்ளைக்கும் அதைச் சொல்லத் தெரிவதில்லை.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள். இயற்பியலில் இரண்டாவது பாடம் இயக்கவியல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறிப்பிட்ட கணத்தில் பொருளின் திசைவேகம் எவ்வளவு என்று சொல்ல, கரும்பலகையில் 'டிஎக்ஸ் பை டிடி' (dx/dt) எழுதினேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், மேலயும் டி, கீழயும் டி. ரெண்டையும் அடிச்சுடலாமா?" என்று கேட்டான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் நோட்டில் ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தார்கள்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. மேலும் கீழும் ஒரே எழுத்து வந்தால் அடித்துவிடு என்றுதான் பத்தாம் வகுப்பு வரை சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அடித்துவிட்டால் மிஞ்சுவது எக்ஸ் பை டி (x/t), அதாவது தூரத்தை நேரத்தால் வகுப்பது. அது அவனுக்குச் சின்ன வகுப்பிலிருந்தே பழக்கம். அங்கே அவன் அடிக்கப் பார்த்த 'டி' (d) என்பது ஒரு எண் இல்லை, மிக நுண்ணிய மாற்றத்தைக் குறிக்கும் அடையாளம் என்பதை அவனுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியது கணக்குப் பாடம். அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.

இதுதான் முடிச்சு. 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதல் தொகுதியில் கணங்கள், முக்கோணவியல், சேர்மானங்கள், ஈருறுப்புத் தேற்றம் போன்றவை இருக்கின்றன. வெக்டர், அந்த டிஎக்ஸ் பை டிடி வரும் வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் எல்லாம் இரண்டாம் தொகுதியில். புத்தக வரிசைப்படி போனால் அவை அரையாண்டை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் வரும். இயற்பியலுக்கோ அந்த மூன்றும் இரண்டாவது பாடத்திலேயே வேண்டும். இயற்பியல் புத்தகத்திலேயே அவற்றுக்கு ஒரு சுருக்கமான அறிமுகம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஆறேழு மாதம் ஊறி வர வேண்டிய ஒன்றை நாலு பீரியடில் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் வகுப்புக்கு ஐந்தாறு பேர் இருந்தால் பெரிது. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பத்தாம் வகுப்பில் கைகொடுத்த வழியில் போவார்கள், மனப்பாடம் செய்வார்கள். மனப்பாடம் செய்த வருவித்தல் தேர்வில் மூன்றாவது வரியில் நின்றுவிடும்.

வேதியியலும் இப்படித்தான். முதல் பாடம் மோல் கணக்கு, இரண்டாவது பாடம் அணுவின் குவாண்டம் மாதிரி. பத்தாம் வகுப்பில் அறிவியல் மொத்தமும் ஒரே பாடம், 100 மார்க். மூன்றே மாதத்தில் அதே பிள்ளை ஸ்ரோடிங்கர் சமன்பாட்டின் முன்னால் நிற்கிறது.

கலைப்பிரிவு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் கணக்குப்பதிவியல் வகுப்பில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியில் வணிகவியல் எடுக்கும் ஆசிரியை சொல்லித்தான் எனக்கே இது புரிந்தது. மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள் ஒருத்தி, சின்ன வயதிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தவள், கணக்கில் கெட்டி. பணம் வந்தால் வரவு, கடன் கொடுத்தால் பற்று, இதுதான் அவள் அப்பாவின் நோட்டு. பாடத்திலோ, உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்கிறார்கள். ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று! அவளுக்குத் தலை சுற்றிவிட்டது. வீட்டில் நன்றாகத் தெரிந்த இரண்டு சொற்கள் வகுப்பில் வேறு அர்த்தத்தில் வந்து நின்றன. கணக்கே தெரியாத பிள்ளைகள் விதியை அப்படியே எழுதிக்கொண்டு போக, இவள்தான் முதல் தேர்வில் தவறினாள். ஆசிரியை அவளை அப்பாவின் நோட்டையே கொண்டுவரச் சொல்லி, வாடிக்கையாளர் ஒவ்வொருவர் பக்கத்திலிருந்தும், கல்லாப்பெட்டியின் பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றிப் பார்க்க வைத்தார். இரண்டு மாலை வேளை ஆனது. அப்புறம் அவளுக்கு இருப்பாய்வு வரை சிக்கலே வரவில்லை.

நன்றாகப் படித்த பிள்ளைதான் பல சமயம் பலமாகச் சறுக்குகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரை ஒரு வழி பலன் தந்திருக்கிறது. அந்த வழி இனி உதவாது என்று அறிவிப்புப் பலகை எதுவும் இல்லை. 450-க்கு மேல் வாங்கிய பிள்ளை, முதல் தடவையாக வகுப்பில் எதுவும் புரியாமல் உட்கார்ந்திருக்கும்போது, பாடம் கஷ்டம் என்று நினைப்பதில்லை. நான் அவ்வளவு புத்திசாலி இல்லை போல என்று நினைக்கிறது. அதனால்தான் கை தூக்கிச் சந்தேகம் கேட்பது நிற்கிறது. வீட்டில் பேச்சு குறைகிறது. செல்போன் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் வருகிறது. பிள்ளை ஒளிந்துகொள்ள ஒரு இடம் தேடிப் போய்ச் சேரும் இடம் அது.

சரி, இந்த ப்ளஸ் ஒன் வருஷம் ஏன் இப்படி ஒரு விநோதமான நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1978 வரை தமிழ்நாட்டில் பள்ளி என்பது 11 வருஷம். எஸ்எஸ்எல்சி முடித்து, ஒரு வருஷம் பியுசி படிக்கக் கல்லூரிக்குப் போவார்கள். 1978-இல்தான் மேல்நிலைக் கல்வி வந்தது. பியுசி போய், அந்தக் கல்லூரிப் பாடம் பள்ளிக்குள் வந்து, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ என்று இரண்டு வருஷமாகப் பிரிந்தது. பள்ளிச் சீருடையில் கல்லூரிப் பாடம் படிக்கும் வகுப்பு என்று இதைச் சொல்லலாம்.

பிரிந்த இரண்டில் மதிப்பு முழுக்க ப்ளஸ் டூவுக்கே போய்விட்டது. தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத்தேர்வு ரத்தாகி, 2007 முதல் ப்ளஸ் டூ மார்க் மட்டுமே கணக்கு என்று ஆனபின் அது இன்னும் கூடியது. பொறியியலுக்கு, கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். இதில் ப்ளஸ் ஒன்னுக்கு ஒரு மார்க்கும் இல்லை. மார்க் இல்லாத வருஷத்தை எதற்கு நடத்த வேண்டும் என்று பல தனியார் பள்ளிகள் முடிவு செய்தன. ஜூன் மாதம் ப்ளஸ் ஒன்னில் சேர்ந்த பிள்ளைக்கு இரண்டு மூன்று மாதத்தில் ப்ளஸ் டூ புத்தகம் கைக்கு வந்தது. ஒரே புத்தகத்தை ஒன்றரை வருஷத்துக்கு மேல் திரும்பத் திரும்ப நெட்டுரு போட்டார்கள். மார்க் மலையாக வந்தது. அந்தப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரி முதல் செமஸ்டரில் கணக்குப் பாடத்தில் வரிசையாக அரியர் வைத்தபோது, வீட்டில் யாருக்கும் காரணம் விளங்கவில்லை.

2017-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. நீட் கட்டாயமானது. அதில் ப்ளஸ் ஒன் பாடமும் ப்ளஸ் டூ பாடமும் சேர்ந்தே வரும். அதே ஆண்டு மே மாதம், ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தது. மொத்த மார்க் 1200-இலிருந்து 600 ஆனது. பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் தாண்டிப் போவதைத் தடுப்பதுதான் முக்கிய நோக்கம். முதல் பொதுத்தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கு ப்ளஸ் ஒன் மார்க்கும் சேர்க்கப்படும் என்று முதலில் சொன்னார்கள், 2018-லேயே அது வேண்டாம் என்று மாற்றினார்கள். இருந்தாலும் தேர்வு நீடித்தது. 2021-இல் கொரோனாவால் ப்ளஸ் டூ தேர்வு நடத்த முடியாமல் போனபோது, பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், ப்ளஸ் ஒன்னுக்கு 20, ப்ளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று மார்க் போட்டார்கள். யாரும் எதிர்பாராமல் ப்ளஸ் ஒன் மார்க் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது.

2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது என்று ஆனது. நான் இதை மனதார வரவேற்கிறேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் முகத்தை வகுப்பில் தினமும் பார்த்தவன் நான். தடுமாறி எழுந்து நிற்க அவர்களுக்கு ஒரு வருஷம் வேண்டும், அது இப்போது கிடைத்திருக்கிறது. ஆனால் பழைய ஆபத்தும் திரும்ப வரக்கூடும். பொதுத்தேர்வு இல்லாத வருஷத்தைத் தாண்டிப் போகும் ஆசை சில பள்ளிகளுக்கு வராமல் இருக்காது. அதைக் கண்டுபிடிக்கப் பெற்றோருக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. அக்டோபர், நவம்பரில் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். ப்ளஸ் ஒன் பிள்ளையின் பையில் ப்ளஸ் டூ புத்தகம் இருந்தால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வகைநுண்கணிதமும் மோல் கணக்கும் தெரியாத பிள்ளைக்கு ப்ளஸ் டூ புத்தகத்தை எத்தனை முறை நடத்தினாலும் அடியில் ஒன்றும் இருக்காது.

சேரும்போது எடுக்கும் முடிவுகளையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் தெரியாமல் இழப்பவர்களைப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் எடுத்த பிள்ளையை, ப்ளஸ் ஒன்னுக்குக் கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்ப்பது நம் ஊரில் பெருமை. அப்படிச் சேர்த்த அன்றே சில கதவுகள் சாத்திக்கொள்கின்றன. மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குத்தான். கடைசி இரண்டு வருஷம் மாறினால் முதல் ஐந்து வருஷமும் கணக்கில் வராது.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறுவதும் அப்படித்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பு கேட்கும் வேலைக்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். இடையில் ப்ளஸ் ஒன்னில் வழி மாறினால் அந்த வாய்ப்பு போகிறது. மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்து மாறுங்கள்.

மாறினால் முதல் மூன்று மாதம் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முடுக்கம், உந்தம், திசைவேகம் எல்லாம் தண்ணீர்பட்ட பாடாகத் தெரிந்த பெண் ஒருத்தி ஆங்கில வழி வகுப்பில் வந்து சேர்ந்தாள். நான் ஆக்சிலரேஷன், மொமென்டம், வெலாசிட்டி என்று சொல்லும்போது அவளுக்கு மூன்றும் ஒன்றுபோலக் கேட்டிருக்கிறது. ஜூலை கடைசி வரை வாயே திறக்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு, தமிழ்ச் சொல் ஒரு பக்கம், ஆங்கிலச் சொல் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளச் சொன்னேன். தமிழ் வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னேன். புத்தகங்கள் இரண்டு வழியிலும் அரசு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காலாண்டில் 24, அரையாண்டில் 47. பாடம் அவளுக்கு முன்பே தெரிந்ததுதான், பெயர்தான் தெரியாமல் இருந்தது.

அப்புறம் தூரம். கிராமத்தில் இருப்பது பெரும்பாலும் பத்தாம் வகுப்போடு முடியும் உயர்நிலைப் பள்ளி. மேல்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில், இல்லையென்றால் டவுனில். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுப்பது சும்மா இல்லை, போக வேண்டிய தூரம் கூடும் வயது அது. காலை ஏழு மணிப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டே முக்காலுக்கு. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வீடு வந்து சேர ஏழரை. பிறகு ரெக்கார்டு நோட் எழுத வேண்டும். படம் வரைய வேண்டும். பதின்ம வயதில் உடம்பின் தூக்க நேரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப் போகும், சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணிநேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. விடிகாலை நாலரைக்கு எழுப்பிப் படிக்க வைப்பதைப் பெருமையாகச் சொல்லும் பெற்றோரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: நேற்று எத்தனை மணிக்குப் படுத்தான்? பதினொன்றரை என்றால், அந்தப் பிள்ளை என் முதல் பீரியடில் கண் திறந்தபடி தூங்குகிறது.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களில் பெரும்பாலோர், "நாங்க படிக்காதவங்க சார், எங்களுக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பிப்பார்கள். பாடம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. விடைத்தாளில் மொத்த மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த வகைக் கேள்வியில் மார்க் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு மார்க் கேள்விகள் போயிருந்தால் பிள்ளை பாடத்தையே முழுதாக வாசிக்கவில்லை என்று அர்த்தம். கணக்கும் வருவித்தலும் மட்டும் போயிருந்தால் அடிப்படைக் கணக்கில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. கடைசிப் பக்கங்கள் மட்டும் காலியாக இருந்தால் நேரம் போதவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றுக்கும் சேர்த்து "டியூஷன்ல போட்டாச்சு" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. டியூஷனிலும் அதே பாடத்தை அதே வேகத்தில் நடத்தினால், பிள்ளைக்கு மிச்சமிருந்த இரண்டு மணிநேரமும் போனதுதான் பலன்.

"இன்னிக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "எல்லாம்தான்" என்று பதில் வரும். "இன்னிக்கு எது புரியல?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் ஒன்றும் வராது. ஒரு நாள் ஒன்று வரும். வந்ததும் திட்டாமல், "நாளைக்கு அதை சார்கிட்ட கேளு" என்று மட்டும் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு சந்தேகம் தீர்ந்தால் வருஷத்தில் நாற்பது. அது போதும். பிள்ளை விடுதியில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடப் போன்தான் இருக்கும். அதில் மார்க்கைப் பற்றி ஒரு நிமிடம் போதும், மீதி ஒன்பது நிமிடம் வீட்டு நாய்க்குட்டியைப் பற்றிப் பேசுங்கள்.

குரூப் தவறாகப் போயிருந்தால் அதை முதல் இரண்டு மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும். பிடிக்காத பாடமும் கடினமான பாடமும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் கவனிக்கும் அடையாளம் இது: கடினம் என்று சொல்லும் பிள்ளை, ஒரு கணக்கு வந்துவிட்டால் சிரிக்கும். பிடிக்காத பிள்ளைக்குக் கணக்கு வந்தாலும் முகம் மாறாது. அண்ணனுக்காகவோ அத்தை மகன் டாக்டர் என்பதற்காகவோ பயாலஜி குரூப் எடுத்த பிள்ளையை, ஜூலையில் மாற்றிவிட்டால் ஒரு மாதப் பாடம்தான் நஷ்டம். ப்ளஸ் டூ முடியும்வரை இழுத்தால் இரண்டு வருஷம். பள்ளிப் பாடமே ஒத்துவராமல் கைவேலையில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருஷ டிப்ளமோ, அதை முடித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. அதைத் தோற்றவர்கள் போகும் வழி என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

நீட் வகுப்பு பற்றி ஒரு வார்த்தை. ஜூன் மாதமே சேர்த்துவிட்டு, பள்ளிப் பாடத்தையும் பயிற்சி மையப் பாடத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றுவது பல பிள்ளைகளுக்கு இரண்டையும் கெடுக்கிறது. ப்ளஸ் ஒன் பாடத்தைப் பள்ளியில் நிதானமாகப் புரிந்து படித்தாலே நீட் பாடத்திட்டத்தின் கிட்டத்தட்ட பாதி கையில் வந்துவிடும்.

சரிவு பாடத்தோடு நிற்காமல் பிள்ளையையே பிடித்துக்கொள்ளும் சமயங்களும் உண்டு. சாப்பாடு குறைவது, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, நெருங்கிய நண்பர்களையே தவிர்ப்பது, "நான் இருந்து என்ன" என்கிற மாதிரிப் பேச்சு. இதில் கடைசியைக் கேட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மனநல உதவிக்கான 14416 டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான 1098-உம் இருக்கிறது. வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு ஒரு வகுப்பில் 60 முகம், ஒன்று வாடுவதை நாங்கள் தவறவிடலாம். நீங்கள் சொன்னால் அந்த முகத்தைத் தினமும் தேடிப் பார்ப்போம்.

அந்த டெம்போ ஓட்டுநரின் மகனுக்கு வருகிறேன். அப்பாவை அனுப்பிவிட்டு அவனைக் கூப்பிட்டுக் கேட்டதில், இயக்கவியல் நடத்தியபோது அம்மை போட்டு எட்டு நாள் லீவு என்றான். அதை எங்கள் மூன்று பேரில் யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அப்பாவின் வண்டியிலிருந்தே ஆரம்பித்தோம். சந்தைக்கு 30 கிலோமீட்டர், ஒரு மணிநேரம், சராசரி வேகம் 30. ஆனால் பைபாஸில் ஸ்பீடோமீட்டர் முள் 60-இல் நிற்கும், ரயில்வே கேட்டில் பூஜ்யத்தில் நிற்கும். அந்த முள் காட்டுவதுதான் டிஎக்ஸ் பை டிடி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப முள்ளு எவ்ளோ சீக்கிரம் ஏறுதுங்கறதுதான் முடுக்கமா சார்?" என்று அவனே கேட்டான்.

பிப்ரவரியில் கணக்கு ஆசிரியர் வகைநுண்கணிதம் ஆரம்பித்தபோது, அதையும் வைத்துக்கொண்டு இயக்கவியல் பாடத்தை முதலிலிருந்து இன்னொரு முறை போடச் சொன்னேன். ஜூன் மாதத்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். சிநேகிதனைப் பார்த்து எழுதிக்கொண்ட பக்கம் அது. மேலே ஒரு டி, கீழே ஒரு டி, இரண்டும் பேனாவால் அடித்துக் கிடந்தன. அடுத்த பக்கத்தைப் புரட்டி, தேதி போட்டு, முதல் கணக்கிலிருந்து எழுத ஆரம்பித்தான்.